இன்னும் கொஞ்சம்

என் மருமகன் அய்யனாரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். சித்திரை வெயில். உப்புப் பாத்தியில், வாருகிற பலகையைப் பிடித்தபடியே விழுந்தானாம். அதையெல்லாம் போன கதையிலேயே சொல்லிவிட்டேன். கருமாதிப் பந்தியில் அவன் தங்கச்சி பாப்பாத்தி கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனதையும் சொன்னேன். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அய்யனாரு பேசமாட்டான். குடிக்கமாட்டான். உப்பளத்தில் வாங்குகிற கூலியைப் பொண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து கொள்வான். ஊரில் அவனை எல்லாரும் நல்லவன் என்றார்கள். நான் சொல்லவில்லை. வாயைத் திறக்காதவன் மனசில் என்ன இருக்குதென்று யாருக்குத் தெரியும்? சத்தம் போடுகிறவனைக்கூட நம்பலாம். அவன் மனசில் இருப்பது வெளியே தெரிந்துவிடும்.

நான் கண்ணாயிரம். அவனுக்கு மாமனார். சொந்த வீடு போய், பொண்ணு வீட்டில் வந்து தங்கிவிட்ட கிழவன்.

அன்றைக்கு முப்பதாம் நாள் படையல்.

எங்கள் பக்கத்தில் புருசனைப் பறிகொடுத்தவள் முப்பது படைக்கிற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. செத்தவனுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, உச்சி வேளையில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வெளிவாசல். என் பொண்ணு சுலோசனா அத்தனை நாளும் நடு அறையில்தான் கிடந்தாள். ஜன்னல் வழியாக வருகிற வெயில் சுவரில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விடிந்ததும் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். கறிக்குழம்பு, கருவாடு, அவித்த முட்டை, வடை, பாயசம். பேத்தி பிரியதர்ஷினி வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். நல்ல வாசனைதான். ஆனால் வீட்டில் ஒருத்தருக்கும் பசியில்லை.

பாப்பாத்தி வந்தாள். கோபம் கோபம்தான், ஆனாலும் வந்தாள்.

"வாங்க அத்த," என்றாள் பிரியதர்ஷினி.

"வந்துதானே ஆவணும். எங்க அண்ணன் சோறு துன்ன வர்ற நாளு. ஒங்க வூட்டுக்கா வந்தேன், அவனுக்கு வந்தேன்."

அய்யனாரு போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலையை விரித்தாள் பாப்பாத்தி. அந்த போட்டோவும் ரேசன் கார்டுக்காக எடுத்தது. அதிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருக்கிறான்.

"அண்ணி, எங்க அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அதை மொதல்ல எடுத்துட்டு வா. மத்ததெல்லாம் அப்புறம்தான் வெக்கணும்."

சுலோசனா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். குழம்புச் சட்டியைப் பார்த்தாள். கருவாட்டைப் பார்த்தாள். எதையும் எடுக்கவில்லை.

"கருவாட்டுக் கொழம்பும்மா," என்றான் பேரன் மணிகண்டன். பாண்டிப் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"அது ஒனக்குப் பிடிக்கும்டா."

"முட்டை," என்றாள் பிரியதர்ஷினி. "அப்பாதானே எப்பவும் வாங்கிட்டு வருவாரு."

"வாங்கிட்டு வருவாரு. துன்னு பார்த்திருக்கியா? ஒங்க ரெண்டு பேருக்கும் உரிச்சு வெச்சுட்டு எழுந்து போயிடுவாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். "தலைக்கறி," என்றேன்.

"அது ஒனக்குப்பா."

மணிகண்டனுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான். பாப்பாத்திக்கு வரவில்லை.

"நல்லா இருக்குது போ. இத்தினி வருசம் கூட இருந்தவளுக்கு அவன் எதை ஆசையா துன்னான்னு தெரியல. நான் சொல்றேன் கேட்டுக்க. பனங்கெழங்கு. சின்னதுல பனங்கெழங்குன்னா உசுர வுடுவான்."

சுலோசனா அவளைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு தரம் வேகவெச்சுக் குடுத்தேன் பாப்பாத்தி. கையால தொடலை. 'என் தங்கச்சிக்குப் பிடிக்கும், அவளுக்குக் குடுத்தனுப்பு'ன்னாரு. மஞ்சப் பையில போட்டு நான்தான் குடுத்தனுப்பினேன். வந்துச்சா இல்லியா?"

பாப்பாத்தி இலையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "வந்துச்சு," என்றாள்.

சுலோசனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவளுக்குக் கோபம். செத்தவன் மேல் அவ்வளவு கோபத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உப்பளத்துல வேலை பார்த்த மனுசன்ப்பா. ஒரு நாளாவது கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லியிருக்காரா? நான் ஒரு தரம் வேணும்னே உப்பே போடாம வெச்சேன். திட்டட்டும்னுதான். துன்னுட்டு தட்டைக் கழுவிக் கவுத்துட்டுப் போயிட்டாரு. சோறு கொழைஞ்சாலும் துன்னுவாரு, தீஞ்சாலும் துன்னுவாரு. வூட்டுக்கு வந்த விருந்தாளிதான் அப்படித் துன்னுவான்."

"நல்ல மனுசன்னு அர்த்தம்மா," என்றான் மணிகண்டன்.

"நல்ல மனுசன்தான். எனக்கு அதுல என்ன இருக்குது? ஒருத்தரு இது வேணும்னு கேட்டாத்தானே நான் செஞ்சு குடுத்தேன்னு சொல்ல முடியும். அவரு கேக்கவே இல்ல. இப்ப நான் அவருக்கு ஒண்ணுமே செய்யாதவளா நிக்கறேன்."

பாப்பாத்தி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"உச்சிக்கு இன்னும் நேரம் இருக்குது," என்றாள் சுலோசனா. "எங்கயாச்சும் ஒரு எடத்துல, ஒரு வாயாவது ஆசையா துன்னிருப்பாரு. போயி கேட்டுட்டு வாங்க. அது ஊறுகாயா இருந்தாலும் சரி. தெரியாம நான் எலையில ஒரு பருக்கை வெக்கமாட்டேன்."

மணிகண்டன் டிவிஎஸ் பிப்டியை எடுத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவன் மட்டும் போனால் யாராவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள், நம்பிவிடுவான்.

*

உப்பளத்தில் அந்த நேரத்துக்குக் கண்ணைத் திறக்க முடியாது. மேலே ஒரு வெயில், கீழே பாத்தியிலிருந்து ஒரு வெயில். வரப்பின் மேல் உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். பொம்பளைகள் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அய்யனாரு விழுந்த பாத்தியில் வேற ஒருத்தன் நின்று வாரிக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. பாத்தி காத்திருக்காது. மணிகண்டன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்தோணியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அய்யனாரு வாருகிற உப்பைச் சுமக்கிறவள். அவன் விழுந்தபோது முதலில் ஓடியவளும் அவள்தான். என்ன விசயமென்று சொன்னோம்.

"அவரு எதைத் துன்னாருன்னு என்கிட்ட கேக்கறீங்களா? அவரு சோத்தை நான்தான் துன்னேன்."

நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன்.

"என்ன பெரியவரே பார்க்கற? அந்தப் பார்வைய ஒன் வூட்டோட வெச்சுக்க. நான் காலையில கூழு கொண்டாருவேன். என் புருசன் வேலைக்குப் போயி எவ்ளோ நாளாவுதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அவரு தூக்கைத் தொறந்து ஒங்க வூட்டுச் சோத்தை என் பக்கம் தள்ளிட்டு, என் கூழை எடுத்துக் குடிப்பாரு. 'எனக்குச் சோறு ஒத்துக்கல அந்தோணி'ம்பாரு. ஒங்க பொண்ணு கைருசி எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ."

"அப்ப அப்பாவுக்குக் கூழு பிடிக்குமா?" என்றான் மணிகண்டன். முடிந்துவிட்டது என்கிற அவசரம் அவன் குரலில்.

"யாருக்குடா என் கூழு பிடிக்கும்? மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டேதான் குடிப்பாரு. சும்மா குடுத்தா நான் வாங்கமாட்டேன்ல, அதுக்குக் குடிச்சாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. லோடு போற அன்னிக்கு மட்டும் தூக்கை அப்படியே என்கிட்ட குடுத்துட்டுப் போவாரு. கூழு வேணுமான்னா, வேணாம்னுடுவாரு. வேற எங்கயோ வயிறு நெறையுதுன்னு நான் நெனச்சுப்பேன். லாரிக்காரனைக் கேளுங்க."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். போகும்போது திரும்பி, "எதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கப்பா," என்றாள்.

*

தங்கராசு ரோட்டோரப் புளியமரத்துக்கு அடியில் லாரியை நிறுத்திவிட்டு, சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். மூட்டை ஏறும் வரைக்கும் அவனுக்கு வேலையில்லை. கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். சட்டை பட்டனைப் போட்டான். எனக்கு அப்போதே உறைத்தது. சாதாரண விசயத்துக்கு எவன் பட்டன் போடுகிறான்?

"நான் சொன்னேன்னு வேணாம் பெருசு."

"சொல்லு."

"கோட்டக்குப்பத்துல தோல் மண்டி இருக்குதில்ல, தோல்ல தடவறதுக்கு நம்ம உப்புதான் போவுது. மூட்டை எறக்க அண்ணனும் கூட வரும். எறக்கி முடிச்சதும் மூஞ்சி கழுவி, துண்டை ஒதறிப் போட்டுக்கிட்டு ஒரு எடத்துக்குப் போவும். மண்டிக்குப் பின்னால தெரு. பச்சை பெயின்ட் அடிச்ச கேட்டு. அங்கதான் சாப்பாடு."

"ஓட்டலா?"

"வூடு பெருசு. வூடு."

மணிகண்டன் மொப்பட்டின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன சாப்பாடு?" என்று கேட்டான்.

"அது தெரியாது. நான் உள்ள போனதில்ல. ஒரு நாளு லேட்டாவுதேன்னு கூப்புடப் போனேன். கேட்டு வாசல்ல நிக்கறேன், உள்ளேருந்து அண்ணன் குரலு. 'இன்னும் கொஞ்சம் வைங்க'ன்னு கேக்குது. எனக்கே நம்ப முடியல. நம்ம அண்ணனான்னு எட்டிப் பார்த்தேன். வந்து வண்டியில ஏறினதும், என்னண்ணே துன்னேன்னேன். சிரிச்சுச்சு. அவ்ளோதான். ஊர் வர்ற வரைக்கும் வாயைத் தொறக்கல."

அவ்வளவுதான் தங்கராசுக்குத் தெரிந்தது.

நான் மொப்பட்டில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு ஆச்சரியமில்லை. இதற்குத்தான் நான் அத்தனை வருசமாக அவனை ஒரு கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் மணிகண்டன் வண்டியை நிறுத்தினான்.

"தாத்தா. அம்மாகிட்ட இதைச் சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத. உசுரோட இருக்கற வரைக்கும் அந்த மனுசன் எங்களுக்காக ஒழைச்சாரு. செத்தப்புறம் அவரைப் போயி..." முடிக்கவில்லை. "சுறாப்புட்டுன்னு சொல்லிடலாம். உப்பளத்துல சொன்னாங்கன்னு சொல்லிடலாம். அம்மா செஞ்சு வெச்சுடும். எல்லாருக்கும் முடிஞ்சிடும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனாகச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

*

"சுறாப்புட்டு," என்றான் வீட்டுக்குள் நுழைந்ததும். "அந்தோணியக்கா சொல்லிச்சும்மா. அப்பா ஆசையா சாப்பிடுவாராம்."

சுலோசனா நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"சுறாவா? இப்ப சுறா கெடைக்குமா? பிரியா, எக்கியார்குப்பத்துல கேட்டா..." எழுந்துவிட்டாள். தேங்காயை எடுத்துவிட்டாள். "இஞ்சி இருக்குது. பூண்டு உரிச்சுடு."

"பொய் சொல்றான்," என்றேன்.

எனக்கு மறைத்துப் பேச வராது. அதிலும் சாமி மாதிரி போட்டோவில் ஒருத்தனை வைத்து, அவனுக்குப் பொய்யில் ஒரு புட்டுச் செய்து வைப்பதா? தங்கராசு சொன்னதை அப்படியே சொன்னேன். கோட்டக்குப்பம், பச்சை கேட்டு, வீடு, இன்னும் கொஞ்சம். எல்லாம்.

பிரியதர்ஷினி பூண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். மணிகண்டன் என்னைப் பார்த்த பார்வையை இந்த வயசில் நான் தாங்கிக்கொள்வேன், அது போகட்டும்.

பாப்பாத்திதான் முதலில் வாய் திறந்தாள். "எங்க அண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல. அந்த லாரிக்காரன் நாக்கு அழுகிப்போவும்."

சுலோசனா அவளைக் கவனிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னன்னு கேட்டாராம்? திரும்பச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம் வைங்கன்னு."

"அவரு குரல்லயா?"

"அவன் குரல்தான்னு சொல்றான்."

தேங்காயை எடுத்த இடத்திலேயே வைத்தாள். "எங்கிட்ட ஒரு தரம் கேட்டதில்லப்பா," என்றாள். "ஒரு தரம். நானா கரண்டிய எடுத்துட்டுப் போனாக்கூட தட்டு மேல கைய வெச்சு மறைச்சுக்குவாரு."

நான் வேற ஒரு கேள்வியை எதிர்பார்த்தேன். அந்த வீட்டில் எவள் இருக்கிறாள் என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கொடியில் கிடந்த பழைய புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிக்கொண்டு வந்தாள்.

"கெளம்புப்பா."

"எங்கே?"

"கோட்டக்குப்பம்."

பாப்பாத்தி எழுந்து வாசலை மறித்தாள். "அண்ணி, முப்பது படைக்காம வாசப்படி தாண்டினா ஊரு என்ன சொல்லும்? எலை போட்டாச்சு. எங்க அண்ணன் இந்நேரம் வந்து வாசல்ல நிக்கும்."

"நிக்கட்டும் பாப்பாத்தி. நான் வர்ற வரைக்கும் நிக்கட்டும். பசிக்குதுன்னாவது வாயைத் தொறந்து சொல்லட்டும்."

பாப்பாத்தி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக விலகி நின்றாள். அதை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்றாள். "அவன் வந்தா யாராச்சும் வேணுமில்ல."

மணிகண்டன் வரமாட்டேன் என்றான். "எனக்குப் பார்க்க வேணாம்மா." அவள் வற்புறுத்தவில்லை. அவன் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தாள். வாசப்படியைத் தாண்டிவிட்டாள். தெருவில் எதிர்வீட்டுப் பொம்பளைகள் பார்த்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. பின்னால் பேசுவார்கள்.

*

பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு மாசமாக வெளிக்காற்று படாத முகம், வெளுத்துக் கிடந்தது. கடலோரமாகச் சுனாமிக்குப் பிறகு கட்டின புது வீடுகள் வரிசையாக வந்தன, எல்லாம் ஒரே மாதிரி. கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரைக்கும் நான் பொறுத்துப் பார்த்தேன்.

"அந்த வூட்டுல ஒரு பொம்பளை இருந்தா என்ன பண்ணுவே?"

"இருக்கட்டும்."

"அவன் வெச்சிருந்தவளா இருந்தா?"

பின் சீட்டில் ஒருத்தன் காதைத் தீட்டுவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அதெல்லாம் இல்லை.

"இருந்துட்டுப் போறா. சண்டை போடவா நான் போறேன்? எதை வெச்சா அவரு இன்னும் கொஞ்சம்னு கேட்டாருன்னு அவளுக்குத் தெரியும். எனக்கு அது வேணும். வாங்கிட்டு வந்து எலையில வெப்பேன். அதுக்கப்புறம் அழறதா திட்டறதான்னு நான் பார்த்துக்கறேன்."

கோட்டக்குப்பத்தில் இறங்கினோம். தோல் மண்டியைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூக்கே கொண்டுபோய் விட்டது. பின்னால் தெரு. சுத்தமான தெரு. துபாய்ப் பணத்தில் கட்டின மாடி வீடுகளுக்கு நடுவில் ஒரு ஓட்டு வீடு, பெயின்ட் உதிர்ந்த பச்சை கேட்டு.

எனக்கு உள்ளே போகவே பிடிக்கவில்லை. சந்தேகப்படுவது வேறு, போய்ப் பார்ப்பது வேறு. சுலோசனா கேட்டைத் தட்டினாள்.

வந்தது ஒரு வயசான அம்மா. வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாங்க. கேட்டைத் திறந்தவங்க சுலோசனாவின் நெற்றியைப் பார்த்தாங்க. அப்புறம் கழுத்தைப் பார்த்தாங்க. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாங்க.

"ஒரு மாசமா அய்யனாரு வரலியேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். எப்பம்மா?"

"போன மாசம். உப்பளத்துல."

அந்த அம்மா கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ ஓதினாங்க.

"நீ சுலோசனா," என்றாங்க. கேட்கவில்லை, சொன்னாங்க. என் பக்கம் திரும்பினாங்க. "இவரு ஒங்க வாப்பா. ஒலகத்துல யாரையும் நம்பமாட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. முன்னேபின்னே தெரியாத தெருவில், முன்னேபின்னே தெரியாத ஒரு பொம்பளை வாயில் நான். என்னைப் பற்றி அவன் இங்கே வந்து பேசியிருக்கிறான்.

சுலோசனா அதைக் கவனித்தாளோ என்னவோ. அவள் வந்த காரியத்திலேயே இருந்தாள்.

"இங்கதான் சாப்பிடுவாராம்மா?"

"ஆமாம்மா."

"இன்னும் கொஞ்சம்னு கேப்பாரா?"

"கேப்பாரு."

"எதைக் கேப்பாரு?"

அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாங்க. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. இளவயசுக் குரல். படுத்தபடியே கத்துகிற மாதிரி இருந்தது, எழுந்து வருகிற சத்தம் எதுவும் இல்லை.

"யாரும்மா கேட்டுல? நம்ம பேச்சுக்காரரா? நின்னுக்கிட்டு ஒங்கிட்டயே கதையளக்க ஆரம்பிச்சுட்டாரா? உள்ள வரச் சொல்லு. இத்தினி நாளு எங்க போனாருன்னு நான் கேக்கணும்."

சுலோசனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"யாரைச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"அவரைத்தாம்மா. வந்தா ஓயமாட்டாரு. சோத்தைப் போட்டுக் கையக் காய விட்டுட்டுப் பேசுவாரு." துப்பட்டி முனையால் மூக்கைத் துடைத்தாங்க. "என் மகளுக்கு இன்னும் தெரியாது. நான் எப்படிச் சொல்லுவேன்? நீயே வந்து சொல்லிடும்மா. நடக்க வராட்டியும் உக்காந்தபடியே சமைச்சுப் போட்டதும் அவதான். எதைக் கேட்டாருன்னு அவ சொல்லுவா."

சுலோசனா செருப்பைக் கழற்றினாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அது அப்புறம் சொல்லட்டும்," என்றாள். "மொதல்ல எனக்கு இதைச் சொல்லுங்க. அவரு என்னம்மா பேசுவாரு?"